பெயர் தெரியாத நரம்பு நோய்: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்குப் பதினான்கு வயதில் கையெழுத்து கெட்டது. அதுவரை முத்து முத்தாக எழுதியவன். பள்ளியில் அடி வாங்கினான்; வீட்டில் நாங்களும் "கவனம் இல்லை" என்று திட்டினோம். அப்புறம் கை நடுங்கியது, பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வடிந்தது. டானிக், மந்திரிப்பு, மனநல மாத்திரை என்று 4 வருடம் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு கண் மருத்துவர் கருவியில் முகத்தை வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறது என்றார். வில்சன் நோய். உடலில் தாமிரம் தேங்கிவிடும் நோய். மருந்து உள்ள நோய். மருந்து கொடுத்ததும் அவன் நடந்தான், சாப்பிட்டான். ஆனால் அந்த 4 வருடத்தில் போனது முழுசாகத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து பலர் என்னிடம் விசாரிக்கத் தொடங்கினார்கள். நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனை வராந்தாக்களில் பல வருடம் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ இந்தப் பக்கத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மருத்துவர் முன் என்ன சொல்வது, என்ன கேட்பது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது என்ன நோய்?

அது ஒரு நோயின் பெயரே இல்லை. கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி, கால் மரத்தாலும் நரம்புத் தளர்ச்சி, தூக்கம் வராவிட்டாலும் அதுதான். மூளையில் கோளாறா, முதுகுத் தண்டிலா, கை கால்களுக்குப் போகும் நரம்பிலா, நரம்பும் தசையும் சேரும் இடத்திலா, தசையிலேயேவா என்று பிரித்துச் சொல்லாத எந்தப் பெயரையும் விடையாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். "எந்த இடத்தில் கோளாறு என்று நினைக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார்.

அரிய நோய் என்றால் எவ்வளவு அரிது?

ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வந்தால் அரிய நோய் என்பார்கள். வில்சன் நோய்க்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு 30,000 பேரில் ஒருவர். தனித்தனியாகப் பார்த்தால் அரிது. ஆனால் இப்படி 6,000க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மரபணு வழி வருபவை. ஒரு தெருவில் ஒரு வீடாவது இப்படி ஏதோ ஒன்றைத் தூக்கிச் சுமக்கிறது என்பது என் அனுபவம்.

உடனே பெரிய ஊருக்கு ஓட வேண்டுமா?

சாதாரணக் காரணங்களை முதலில் பார்த்துவிடுவதுதான் முறை. பி12 குறைவு, தைராய்டு, சர்க்கரை, மூளையில் நாடாப்புழுக் கட்டி, காசநோய் எல்லாமே நரம்பைத் தொடுபவைதான். சைவச் சாப்பாட்டு வீடுகளில் பி12 குறைவு மிகச் சாதாரணம். கால் மரத்துப்போய் நடை தள்ளாடும் அளவுக்கும் போகும். பி12, தைராய்டு, சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனைகளைக் காரைக்குடியிலேயே செய்யலாம். அவற்றில் விடை கிடைக்காமல் நோய் கூடிக்கொண்டே போனால் நியூராலஜிஸ்ட்டிடம் போங்கள். பொது மருத்துவரிடமிருந்து ஒரு கடிதத்தோடு போவது நல்லது.

மருத்துவர் டெஸ்ட் எழுதாமல் "எப்போது ஆரம்பித்தது, எப்படிக் கூடியது" என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார். ஏன்?

பாதி நோயைக் கண்டுபிடிப்பது அந்தக் கேள்விதான். நான் எல்லாரிடமும் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

நிமிடத்தில் வந்தது என்றால் ரத்தக் குழாய் பக்கம் யோசிப்பார்கள், அதாவது பக்கவாதம். சில நாள், சில வாரத்தில் ஏறியது என்றால் கிருமித் தொற்று அல்லது உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்குவது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல ஏறியது என்றால் மரபணு நோய்களும் நரம்பு தேயும் நோய்களும் நினைவுக்கு வரும். வந்து வந்து போகிறது என்றால் அது தனி வகை.

வந்து போகும் வகையில் 2 உதாரணம். காலையில் நன்றாக இருக்கும் பெண்ணுக்குச் சாயங்காலம் ஆக ஆக இமை இறங்குகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, சோற்றை மென்று முடிப்பதற்குள் தாடை ஓய்ந்துவிடுகிறது. இது நரம்பும் தசையும் சேரும் இடத்தில் வரும் மயஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம். காலை பத்து மணிக்கு மருத்துவர் முன் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகத் தெரியும். "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிடுவார்கள். நேரத்தைச் சொன்னால்தான் பிடிபடும். இன்னொன்று: கல்யாண வீட்டில் இரவு வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த வாலிபன் விடியற்காலை எழ முடியாமல் கிடக்கிறான், மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென இறங்கும் நோய் இப்படி வரும். மாவுச்சத்து நிறைந்த பெரிய சாப்பாடு அதைத் தூண்டிவிடும். எழ முடியாமல் கிடக்கும் அந்த நேரத்திலேயே ரத்தம் எடுத்தால்தான் தெரியும். மறுநாள் எடுத்தால் எல்லாம் நார்மல் என்று வந்துவிடும். தைராய்டையும் கூடவே பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் காத்திருக்கக் கூடாது. இரண்டு கால்களிலும் பலம் குறைய ஆரம்பித்து, நாளுக்கு நாள் மேலே ஏறி, கைக்கும் வந்துவிட்டது என்றால் அது கியான்–பாரே நோயாக இருக்கலாம். அது மூச்சுத் தசையையும் பிடிக்கும். திங்கள்கிழமை பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரு மணி நேரம் சுத்தியலால் தட்டியும், நடக்கச் சொல்லியும் பார்த்தார். ஸ்கேன் எழுதவில்லை. நல்ல மருத்துவர்தானா?

நல்ல மருத்துவர். நரம்பியலில் கண்ணும் கையும்தான் முதல் ஸ்கேன். குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்வது சிறுமூளைக்கு. கணுக்காலில் அதிரும் இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) வைப்பது உணர்வு நரம்புக்கு. தரையில் உட்கார்ந்த குழந்தை தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏறி எழுகிறதா என்று பார்ப்பது இடுப்புத் தசைக்கு. கடைசியாகச் சொன்னது டுஷேன் தசைச் சிதைவு நோயின் அடையாளங்களில் ஒன்று. அதற்கு அடுத்த படி சிபிகே என்ற சாதாரண ரத்தப் பரிசோதனை.

இளம் வயதில் கை கால் மெலிந்து, முகத் தசை தளர்ந்து, காதும் மந்தமாகும் ஒரு நோய்க்கு உலகம் முழுக்க "மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்" என்றுதான் பெயர். 1970ல் சென்னை மருத்துவர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குகிறது அதன் கதை. எம்ஆர்ஐ இல்லாத காலம் அது. நோயாளிகளைப் பொறுமையாகப் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எம்ஆர்ஐ நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. எம்ஆர்ஐ மூளையின் உருவத்தைக் காட்டும். மின்னோட்டத்தை இஇஜி காட்டும், நரம்பு கடத்தும் வேகத்தைத் தனிச் சோதனை காட்டும், தசையின் நிலையை ஈஎம்ஜி காட்டும். மயஸ்தீனியாவில் மூளை எம்ஆர்ஐ நார்மலாகத்தான் இருக்கும்.

வலிப்பு வருவதை மருத்துவரிடம் நடித்துக் காட்ட முடியவில்லை. என்ன செய்வது?

செல்போனில் எடுங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு எடுங்கள். முகமும் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். நீங்கள் பேசும்போது பதில் வருகிறதா என்பதும் பதிவாகட்டும். முடிந்து 2 நிமிடம் வரை அணைக்காதீர்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் வீடியோவை விட்டுவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள்.

எங்கள் பையனுக்குச் செம்புக் குடத்துத் தண்ணீரால் வில்சன் நோய் வந்ததா?

இந்தக் கேள்வியை என் ஆத்தா சாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வளவு வீட்டில் செம்புக் குடமும் பித்தளை அண்டாவும் இல்லாத மூலை இல்லை. அவற்றால் வரவில்லை. சாப்பாட்டில் வரும் தாமிரத்தைக் கல்லீரல் பித்த நீரோடு வெளியேற்ற வேண்டும். அந்த வேலைக்கான ஏடிபி7பி என்ற மரபணு இரண்டு பிரதியிலும் பழுதானால் தாமிரம் கல்லீரலிலும் மூளையிலும் கண்ணிலும் தங்கிவிடும். மரபணு சரியாக உள்ளவருக்குச் செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்து வில்சன் நோய் வராது. நோய் இருப்பது தெரிந்த பிறகு அந்தக் குடத்தை அவருக்கு மட்டும் நிறுத்த வேண்டும். ஈரல் வறுவல், நண்டு, முந்திரி ஆகியவற்றிலும் தாமிரம் அதிகம்; குறைக்கச் சொல்வார்கள்.

கண்டுபிடிக்கும் வழி சிக்கலானது அல்ல, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. ஸ்லிட் லேம்ப் கருவியில் கண்ணைப் பார்ப்பது, ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம். நரம்புக் கோளாறோடு வரும் வில்சன் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்தக் கண் வளையம் இருக்கும். வெறும் டார்ச் அடித்துப் பார்த்து இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சிறு வயதில் கையெழுத்து மாறினாலும், குணம் மாறினாலும், காரணம் தெரியாத மஞ்சள் காமாலை வந்திருந்தாலும் "வில்சன் பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள்.

1912ல் வில்சன் இந்த நோயை விவரித்தபோது கைகொடுக்க மருந்து இல்லை. 1956ல் பெனிசிலமின் வந்தது. பிறகு துத்தநாகம், டிரையன்டீன் வந்தன. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். தொடக்கத்தில் சிலருக்கு நடுக்கம் கூடலாம். பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் உடனே சொல்லுங்கள்.

பெண் திடீரென்று ஏதேதோ பேசுகிறாள், தூங்குவதில்லை. பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள்.

குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தவறில்லை. அதே நாளில் மருத்துவமனைக்கும் போங்கள். நன்றாக இருந்த இளம் பெண்ணுக்குச் சில வாரத்துக்குள் குணம் மாறி, பயந்து, பிறகு வலிப்போ, வாய் தானாக அசைவதோ, பேச்சு நின்றுபோவதோ வந்தால் எதிர்ப்பு சக்தி மூளையைத் தாக்கும் என்செஃபலைட்டிஸாக (மூளை அழற்சி) இருக்கலாம். இந்த வகையில் முக்கியமான என்எம்டிஏ எதிர்ப்பொருள் நோய் 2007ல்தான் தெளிவாகப் பிரித்தறியப்பட்டது. முதுகுத் தண்டு நீரையும் ரத்தத்தையும் அந்த எதிர்ப்பொருளுக்காகச் சோதிக்க வேண்டும். சில பெண்களுக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இதைத் தூண்டியிருக்கும். அதனால் வயிற்று ஸ்கேனும் தேவை. சரியான சிகிச்சை சீக்கிரம் கிடைத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள்.

முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்களே?

விழாது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி நுழைகிறது. ஒன்றிரண்டு நாள் தலைவலி வரலாம். இந்தப் பயத்தால் கையெழுத்துப் போட மறுத்து ஒரு வாரத்தை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

"இவருக்கு இருப்பது போலத் தோன்றும் நோய்களில் மருந்து உள்ளவை எவை? அவற்றையெல்லாம் பார்த்தாகிவிட்டதா?"

இதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மூளை வாதம் என்று வருடக் கணக்கில் பிசியோதெரபி கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது டோபா மருந்துக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியா, அதாவது தசை தானாக முறுக்கிக்கொள்ளும் நோய். காலையில் நன்றாக நடக்கும், மாலையில் பாதம் உள்பக்கம் திருகிக்கொள்ளும். குறைந்த அளவு லெவோடோபா மாத்திரையில் எழுந்து ஓடும். மாத்திரைக்கு அடங்காத குழந்தை வலிப்புகளில் சில பி6 அல்லது பயோட்டின் வைட்டமினுக்கு அடங்கும். முதுகுத் தண்டு நீரில் சர்க்கரை மட்டும் குறைவாக இருக்கும் ஒரு வகை, கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவில் கட்டுப்படும். இவை ஒவ்வொன்றும் அரிதிலும் அரிது. ஆனாலும் தேடாமல் விட்டால் தொலைவது ஒரு முழு வாழ்க்கை.

சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்கிறார்கள். ஒரே கோயில் பிரிவில் நாங்கள் பெண் எடுப்பதில்லையே?

நகரத்தாரின் ஒன்பது கோயில் வழக்கம் தகப்பன் வழிப் பங்காளிகளைத்தான் விலக்குகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் வேறு கோயிலாக இருக்கலாம். ரத்தத்தில் எட்டில் ஒரு பங்கு ஒன்றுதான். தாய்மாமனைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. மரபணுவுக்குக் கோயில் பிரிவு தெரியாது.

வில்சன் போன்ற நோய்களுக்குப் பழுதான பிரதி இருவரிடமிருந்தும் வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர் கேரியர். அவருக்கு நோய் இருக்காது. நாம் எல்லாருமே ஏதோ சிலவற்றுக்குக் கேரியர்தான். வேறு வேறு குடும்பத்தார் கட்டும்போது ஒரே பழுது இருவரிடமும் இருப்பது அரிது. ஒரே ஐயாவின் பேரப்பிள்ளைகள் கட்டும்போது அந்த வாய்ப்பு ஏறுகிறது. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள். பிரதி இரண்டு பக்கமிருந்தும்தான் வந்தது.

செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கென்று இன்னொரு விஷயம் உண்டு: பிள்ளை கூட்டிக்கொள்வது. மருத்துவர் மூன்று தலைமுறை மரம் வரையச் சொன்னால், நாம் சுவீகாரம் வந்த வீட்டின் மரத்தை வரைந்து கொடுத்துவிடுகிறோம். கூட்டிக்கொண்டது பங்காளி வீட்டுப் பிள்ளையையா, பெண் வழிப் பிள்ளையையா? ஐயா பிறந்த வீடு எது? காகிதத்தில் தூரத்துச் சொந்தமாக இருக்கும் இருவர் பிறப்பால் அண்ணன் தம்பி மக்களாக இருக்கலாம். அந்த உறவு தெரியாமல் போனால் மருத்துவரின் கணக்கே மாறிவிடும். பழைய இசைகுடிமானங்களை (கல்யாண ஒப்பந்த ஏடுகளை) எடுத்துப் பாருங்கள், அப்பத்தாவிடமும் ஆயாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். பிறந்து சில மாதத்தில் போன பிள்ளைகள், பர்மாவிலும் மலாயாவிலும் இளம் வயதில் இறந்தவர்கள், "கொஞ்சம் ஒரு மாதிரி" என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த சித்தப்பா, எல்லாரும் அந்த மரத்தில் வர வேண்டும்.

எக்ஸோம் என்ற மரபணு டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

தெரியாது. கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் முக்கியப் பகுதிகளைப் படிக்கிறார்கள். மொத்த மரபணுத் தொகுப்பில் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் விடை கிடைப்பதில்லை. அம்மா, அப்பா, பிள்ளை மூவருக்கும் சேர்த்து எடுத்தால் வாய்ப்புக் கூடும்.

சில நோய்கள் இந்த வலையில் சிக்காது. ஹண்டிங்டன், ஃபிரெட்ரிக் அட்டாக்சியா, பரம்பரைத் தள்ளாட்ட நோய்கள் பல, மயோடானிக் டிஸ்ட்ரஃபி ஆகியவற்றில் மரபணுவில் ஒரு சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது போல நீண்டுவிடும். அதற்குத் தனி டெஸ்ட். டுஷேனுக்கும் முதுகுத் தண்டுத் தசை நலிவுக்கும் முதலில் செய்ய வேண்டியது வேறு. எந்த நோயைச் சந்தேகிக்கிறோம் என்று மருத்துவர் எழுதாமல் நேராக லேபுக்குப் போய்ப் பணம் கட்டாதீர்கள்.

ரிப்போர்ட்டில் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று இருக்கிறது.

அதை நோய் என்று எடுத்துக்கொள்ள முடியாது, இல்லை என்றும் தள்ள முடியாது. அதை வைத்துக் கருவைக் கலைப்பது, கல்யாணத்தை நிறுத்துவது போன்ற எந்த முடிவுக்கும் போகாதீர்கள். பெற்றோருக்கும் அதே இடத்தைச் சோதித்தால் பல நேரம் தெளிவு கிடைக்கும். மரபணு ஆலோசகரிடம் ரிப்போர்ட்டோடு போங்கள்.

ஒருவருக்கு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளையும் சோதிக்க வேண்டுமா? வெளியே தெரிந்தால் கல்யாணம் தடைபடுமே?

வில்சன் போன்ற மருந்துள்ள நோயானால் கட்டாயம் சோதியுங்கள். உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. என் தங்கைக்கு அப்போது 11 வயது, ஒரு குறையும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்தாள். சோதித்ததில் அவளுக்கும் இருந்தது. அன்று தொடங்கிய துத்தநாகம் இன்றும் தொடர்கிறது, கர்ப்ப காலத்திலும் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தாமல் சாப்பிட்டாள். அவள் கை இதுவரை நடுங்கியதில்லை.

கல்யாணப் பேச்சில் சொல்லித்தான் கொடுத்தோம். இரண்டு இடம் விலகியது, மூன்றாவது இடம் வந்தது. அத்தை மகனுக்குக் கொடுக்கலாம் என்று அப்பச்சி (எங்கள் அப்பா) நினைத்தார். ஆலோசகர் கணக்குப் போட்டுக் காட்டினார்: உறவில்லாத மாப்பிள்ளை என்றால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 200ல் ஒன்று, அத்தை மகன் என்றால் 8ல் ஒன்று, தாய்மாமன் என்றால் 4ல் ஒன்று. அதற்கு மேல் அப்பச்சி பேசவில்லை.

ஹண்டிங்டன் போல இப்போதைக்குத் தடுக்க மருந்தில்லாத, பெரியவர் ஆன பிறகு வரும் நோய் என்றால் கதை வேறு. குறியில்லாத சிறு பிள்ளைகளைச் சோதிக்கக் கூடாது. வளர்ந்த பிறகு, தெரிந்துகொள்ள வேண்டுமா என்பதை அவரவரே முடிவு செய்யட்டும்.

எங்கே போவது? பணம்?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், ஏறத்தாழ 90 கி.மீ. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அதற்கு அப்பால் வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிமான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். குழந்தை என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இன் கீழ் அமைந்த சிறப்பு மையங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கொள்கையின் பட்டியலில் உள்ள நோய்களுக்குச் சிறப்பு மையம் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பெயர் உறுதியான நோய்க்குத்தான் விண்ணப்பிக்க முடியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எதற்கெல்லாம் செல்லும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தசைச் சிதைவும் நாள்பட்ட நரம்பு நோய்களும் இருக்கின்றன. அடையாள அட்டைக்குக் கேட்கத் தயங்காதீர்கள்.

எல்லாம் பார்த்தும் பெயர் கிடைக்கவில்லை.

ஃபைலை மூடிவிடாதீர்கள். புதிய மரபணுக்கள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுகின்றன. 1, 2 வருடம் கழித்து அதே எக்ஸோம் தரவை மறுபடி ஆராயச் சொன்னால் சிலருக்கு விடை வருகிறது. புதிதாக ரத்தம்கூடத் தேவைப்படாது. தரவை வைத்திருக்கிறார்களா என்று லேபில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் வலிப்பு, விழுங்குதல், மூச்சு, மூட்டு மடங்கிப்போவது ஆகியவற்றுக்கான கவனிப்பு பெயருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் தடவை போகும்போது பையில் என்ன இருக்க வேண்டும்?

தேதி வாரியாக அடுக்கிய காகிதங்கள், ஸ்கேன் சிடி (ரிப்போர்ட் மட்டும் போதாது), சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், நாட்டு மருந்தும் பஸ்பமும் இருந்தால் அவற்றின் டப்பாக்களும். சில பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் உண்டு, அவையும் நரம்பைப் பாதிக்கும். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். குடும்ப மரம் ஒரு தாளில். எது எந்த மாதம் தொடங்கியது என்று இன்னொரு தாளில், ஒரே பக்கத்துக்குள். பிள்ளையின் பழைய பள்ளி நோட்டுகள் இரண்டு, நோய்க்கு முந்தியது ஒன்று, பிந்தியது ஒன்று. என் தம்பியின் ஏழாம் வகுப்பு நோட்டையும் ஒன்பதாம் வகுப்பு நோட்டையும் நாங்கள் முதல் வருடமே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.